கொல்லைக் குளத்தில் பாசி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் குடிதண்ணீர் ஊருணிக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மீறினால் கரையில் குடத்தோடு நிற்கும் கிழவி சும்மா விடமாட்டாள். செருப்போடு இறங்கக்கூடாது. சோப்புப் போடக்கூடாது. மாடு இறங்கக்கூடாது, அதற்குத் தனிக் குட்டை. குளிக்கவும் துவைக்கவும் வேறு குளம். மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரிப் பக்கம் யாரும் காலைக்கடனுக்கு ஒதுங்கக்கூடாது. இந்தக் கட்டுப்பாட்டோடு ஒட்டிக்கொண்டு, சாதி பார்த்து ஆளைத் தள்ளி நிறுத்திய அநியாயமும் நடந்தது. அதைக் கழித்துவிட்டுத் தண்ணீர் விஷயத்தை மட்டும் பார்த்தால், அந்தச் சட்டத்தில் ஓர் இடத்திலும் பாசி என்ற பேச்சே வராது. தண்ணீருக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதோடு அது நின்றுவிடும். பாசி அதற்குள் அடங்கிவிட்டது.

வீட்டுக் கொல்லையில் பத்துக்கு ஆறு அடியில் தொட்டி கட்டி, இரண்டு அல்லிக் கிழங்கு நட்டு, தங்கமீன் வாங்கி விடுகிறவர்கள் இப்போது அதிகம். மாதம் ஒன்று ஆவதற்குள் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. உடனே உரக்கடைக்குப் போய், "அண்ணே, பாசிக்கு என்ன போடலாம்?" என்று கேட்கிறார்கள். புதிதாக ஒன்றைப் போடுவதற்கு முன்னால், ஏற்கெனவே அந்தத் தொட்டிக்குள் என்னென்ன விழுந்துகொண்டிருக்கிறது என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

பாசிக்கு வேண்டியது வெயிலும் சூடும் தழைச்சத்தும் மணிச்சத்தும். வெயிலுக்கும் சூட்டுக்கும் நம் மாவட்டத்தில் குறைவில்லை. தழைச்சத்தைப் பொறுத்தவரை, நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் அதைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். ஆக, நம் கை ஓங்கக்கூடிய இடம் மணிச்சத்துதான். 1973-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லரின் குழு, 226 என்று எண்ணிட்ட ஒரு ஏரியின் நடுவே பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கரிச்சத்தும் தழைச்சத்தும் கலந்தார்கள். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேல் என்றாகிவிட்டது. துணி சோப்பில் பாஸ்பேட் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் வந்ததற்கு அந்த ஏரியும் ஒரு காரணம். உங்கள் தொட்டிக்கு மணிச்சத்து எங்கிருந்து வருகிறது? மீன் தீவனத்தில் இருக்கிறது. கோழி எச்சத்தில், சாணத்தில், டிஏபியில், சருகில், சோப்புத் தண்ணீரில் இருக்கிறது. செடி நடக் கொண்டுவந்து கொட்டிய கண்மாய் வண்டலில் நிறையவே இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை.

எந்தப் பாசி என்று பாருங்கள். ஒரு குச்சியை விட்டுச் சுழற்றினால் தலைமுடி மாதிரி சுற்றிக்கொண்டு வந்தால் அது நூல்பாசி. குச்சியில் எதுவும் ஒட்டாமல் தண்ணீரே பச்சைச் சாயம் போல இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசி. மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும். பச்சைப் பெயின்டைக் கொட்டியது போல மேலே ஏடு படிந்து, காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கி, நாற்றமும் அடித்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரை முக்கால்வாசி எடுத்து, ஆடாமல் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் பச்சை முழுதும் மேலே வந்து வளையம் கட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். குடித்த ஆடுமாடும் நாயும் செத்துப்போவதுண்டு. அது தெளியும் வரை கால்நடையையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடவேண்டாம், அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சவும் வேண்டாம்.

தொட்டியின் கொள்ளளவைத் தெரிந்து வையுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லிட்டர். பத்துக்கு ஆறு, இரண்டடி ஆழம் என்றால் 120 கனஅடி, சுமார் 3,400 லிட்டர். இந்த ஒரு எண் தெரியாமல் குளத்தில் எதையும் அளந்து போட முடியாது.

கட்டும்போதே விளிம்பைத் தரையைவிட நான்கைந்து அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். கட்டி முடித்தவர்கள் ஒரு வரிசைச் செங்கல்லாவது வைத்துப் பூசுங்கள். ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டும் மழை, கொல்லையில் கிடக்கும் கோழிப்பீ, ஆட்டுப்புழுக்கை, மல்லிகைக்கு வைத்த உரம், செம்மண் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தாழ்ந்த இடத்துக்குத்தான் வரும். ஊருணிக்காரர்கள் வரத்துவாரியைச் சுத்தமாக வைத்தார்கள்; நமக்கு வரத்தே வேண்டியதில்லை என்பதால் வேலை இன்னும் சுலபம். கூரைத் தண்ணீரை விடலாம், அதில் மணிச்சத்து குறைவு. ஆனால் முதல் மழை ஓட்டில் கிடக்கும் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து குழாயைத் திருப்புங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானதால் பெரும்பாலான வீடுகளில் குழாய் ஏற்கெனவே இருக்கும்.

ஆழம் இரண்டடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஓரடித் தண்ணீர் கத்திரி வெயிலில் வெந்நீராகும்.

தண்ணீரின் மேற்பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக இலை மூடியிருக்க வேண்டும். பாசியைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. அல்லி இலையும் தாமரை இலையும் வெயிலைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. வேர் சத்தை எடுத்துக்கொள்கிறது. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் கூரையில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் இலையும் பூவும் மொட்டும் நெருக்கியடித்து நிற்க, நடுநடுவேதான் மீனுக்கும் அன்னத்துக்கும் இடம் இருக்கும். வரைந்தவர் குளக்கரையில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அந்த ஓவியத்தில் யானையும் எருமையும் குளத்தில் இறங்கியிருப்பதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.

அல்லியைத் தொட்டியின் அடியில் பரப்பிய மண்ணில் நடாமல், அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் களிமண் போட்டு நட்டு, மேலே இரண்டு அங்குலம் ஆற்றுமணலோ பொடிச் சரளையோ பரப்பி இறக்குங்கள். உரம் வைக்க வேண்டுமானால் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கிழங்குக்குப் பக்கத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்த மணல் மூடிதான் மண்ணில் இருக்கும் சத்தைத் தண்ணீருக்கு வராமல் பிடித்து வைக்கிறது. ஓரங்களில் வசம்பு, கல்வாழை, வெட்டிவேர் இவற்றில் ஏதாவது நிற்கலாம். சத்தை உறிஞ்சுவதில் கல்வாழை பெருந்தீனிக்காரன்.

அசோலா தெரிந்தவர்கள் அதையும் விடலாம். அதற்குத் தேவையான தழைச்சத்தை அதனோடு வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து கொடுத்துவிடும். தண்ணீரிலிருந்து அது எடுப்பது முக்கியமாக மணிச்சத்து. நமக்கு வேண்டியதும் அதுதானே. ஆனால் வாரம் ஒருமுறை கூடை கூடையாக அள்ளிக் கோழிக்கோ மாட்டுக்கோ போட்டால்தான் கணக்கு நேராகும். அள்ளாமல் விட்டால் அங்கேயே மடிந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். தண்ணீர் முழுவதையும் மூட விடாதீர்கள், மீனுக்கு மூச்சு முட்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கரை கடந்த கஜா புயல், கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. கொல்லையில் நிழல் போன வீடுகள் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மாசி கடைசியிலிருந்து ஆடி வரைக்கும் மேற்குப் பக்கமாகத் தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ கட்டுங்கள். பிற்பகல் வெயிலை மட்டும் மறைத்தால் போதும். அல்லி பூக்கத் தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். முழுக்க மூடிவிட்டால் பாசியும் இருக்காது, பூவும் இருக்காது. இலை படர்ந்து மூடியபின் பந்தலை எடுத்துவிடலாம்.

நூல்பாசியைக் கையால் எடுங்கள். சொரசொரப்பான கம்பை விட்டு முறுக்கினால் பஞ்சுமிட்டாய் போலச் சுற்றிக்கொண்டு வரும். எடுத்ததைக் கரையிலேயே ஒரு மணி நேரம் ஈரத்தோடு விடுங்கள், உள்ளே சிக்கிய தலைப்பிரட்டையும் நத்தையும் திரும்பி இறங்கட்டும். அவை பாசி தின்பவை. பிறகு பாசியை எருக்குழியிலோ பூச்செடி மூட்டிலோ போடலாம். இப்படி வெளியே போகும் ஒவ்வொரு கூடையும் குளத்திலிருந்து நிரந்தரமாகக் கழிந்த மணிச்சத்து.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கோடையில் ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான். உப்பும் சத்தும் தங்கிவிடும். அதன்மேல் போர் தண்ணீரை விட்டு நிரப்பிக்கொண்டே போனால் குளம் மாதத்துக்கு மாதம் கெட்டியாகிறது. வாரம் பத்தில் ஒரு பங்கை அடிப்பக்கத்திலிருந்து உறிஞ்சித் தென்னைக்கோ வாழைக்கோ விட்டு, அந்த அளவு புதுத் தண்ணீர் சேருங்கள். குழாயில் குளோரின் கலந்த தண்ணீர் வந்தால், வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்திருந்து ஊற்ற வேண்டும்.

புதுத் தொட்டி பச்சையானால் பொறுங்கள். இலை படரவும், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கல்லிலும் வேரிலும் குடியேறவும் ஆறு வாரமாவது பிடிக்கும். அதற்குள் பச்சை வருவது இயல்பு, போவதும் இயல்பு.

மோட்டார், வடிகட்டி வைப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் முழுதும் ஒரு சுற்று வரும்படி அளவு பார்த்து வாங்குங்கள். புற ஊதா விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்கும். நூல்பாசியை அது ஒன்றும் செய்யாது.

இனி, செய்யக்கூடாதவை. இந்தப் பட்டியல்தான் நீளம். பாசியால் செத்த மீனைவிட வைத்தியத்தால் செத்த மீன் அதிகம் என்பது என் எண்ணம்.

மயில்துத்தத்தை அள்ளிப் போடாதீர்கள். போர்டோ கலவை போடத் தெரிந்த ஊர் என்பதால் எல்லாருக்கும் முதலில் நினைவு வருவது இதுதான். பாசியைக் கொல்லும், சந்தேகமில்லை. எவ்வளவு போடலாம் என்பது தண்ணீரின் காரத்தாங்குதிறனைப் பொறுத்தது. மீன்பண்ணைகளில் அந்த அளவை நூறால் வகுத்து, லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். காரத்தாங்குதிறன் 50-க்குக் கீழே இருந்தால் தொடவே மாட்டார்கள். நம் 3,400 லிட்டர் தொட்டியில் அது 100 என்றால், மொத்தத்துக்கும் சுமார் மூன்றரை கிராம். ஒரு கைப்பிடி என்பது அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். சரியாகவே அளந்து போட்டாலும், பாசி மொத்தமும் ஒரே நாளில் மடிந்து அழுகி, ஆக்சிஜனைக் குடித்துவிடும். செத்த பாசியில் இருந்த மணிச்சத்து தண்ணீருக்கே திரும்பும். சில வாரத்தில் மறுபடி பச்சை. செம்பு மட்டும் அடிச்சேற்றில் தங்கி நத்தையைக் கொல்லும்.

பிளீச்சிங் பவுடர், பினாயில், கல்லுப்பு இவை எதுவும் வேண்டாம். பாசி சாகிற அளவுக்கு உப்புப் போட்டால் அல்லி அதற்கு முன்பே போயிருக்கும்.

பச்சைத் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்காதீர்கள். பாசி நிறைந்த குளத்தில் பகலில் தண்ணீரின் காரம் தானாகவே ஏறும், பிற்பகலில் பி.எச் 9-ஐத் தாண்டுவது சகஜம். அதன்மேல் சுண்ணாம்பும் சேர்ந்தால், மீன் கழிவில் இருக்கும் அம்மோனியா நஞ்சாக மாறும். புது சிமென்ட் தொட்டியிலும் இதே காரச் சிக்கல் உண்டு. நீரை நிறைத்து, சில நாள் ஊறவிட்டு வடிப்பதை இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு மீன் விடுங்கள்.

தேற்றாங்கொட்டையை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஊருணித் தண்ணீரில் செம்மண் கலங்கலைத் தெளிய வைக்க, குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்த காலம் உண்டு. கலங்கலுக்கு அது நல்ல மருந்து. பாசிக்குச் சாப்பாடு வரும் வழியை அது அடைக்காது.

வைக்கோல் கட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இங்கிலாந்தில் பார்லி வைக்கோலைக் குளத்தில் மிதக்க விடும் பழக்கம் உண்டு. குளிர்ந்த நீரில் மெதுவாக மக்கி, புதிய பாசி முளைப்பதைத் தடுக்கிறது என்பது அவர்கள் அனுபவம். முளைத்ததை அது கொல்வதில்லை. நம் வெயிலில் நெல் வைக்கோல் வேகமாக அழுகி, மீனுக்கு இருக்கும் ஆக்சிஜனையும் காலி செய்யும். வேப்பிலை, வேப்பம்புண்ணாக்கு விஷயமும் அப்படியே. புண்ணாக்கு தழைச்சத்தையும் கூட்டும், மீனுக்கும் ஆகாது.

மீன் வளர்ப்புக் குட்டைக்குச் சொல்லும் யோசனையை அழகுக் குளத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்பவர்கள் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்குவது தெரிந்தே செய்யும் வேலை. அந்தப் பச்சைதான் அவர்கள் மீனுக்குத் தீனி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், "ஒரு கூடை சாணி கரைச்சு விடுப்பா, மீன் கொழுகொழுன்னு வரும்" என்று. வரும். தண்ணீருக்குள் அதைப் பார்க்கத்தான் முடியாது.

பொரி போடாதீர்கள். கோயில் குளத்தில் பழகிய கை, வீட்டிலும் அள்ளி வீசும். ஐந்து நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு, நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஒரு நாள் விட்டால் ஒன்றும் குடிமுழுகாது. மிஞ்சியது எல்லாம் பாசிக்கு. வடிகட்டி இல்லாத நம் தொட்டிக்குத் தங்கமீன் பத்துப் பன்னிரண்டு போதும்.

பாசி தின்னும் என்று யாராவது சொல்லும் மீனையெல்லாம் வாங்கி விடாதீர்கள். ஜிலேபிக் கெண்டை பாசி தின்னும்தான். ஆனால் அடிமண்ணைக் கிளறி, ஆறு மாதத்தில் குளம் முழுக்கக் குஞ்சு பொரித்து, தின்றதைவிட அதிகமாகக் கழியும். புல்கெண்டை முதலில் தின்பது உங்கள் அல்லியை. கொசுவுக்காக விடும் கம்பூசியா 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன்; கப்பியும் வெளிநாட்டு வரவுதான். இவை கொசுப்புழுவைத் தின்னும், கூடவே பச்சைப் பாசியை வடிகட்டித் தின்னும் நீர்ப்பூச்சிகளையும் தின்றுவிடும். மீன் விட்டபின் தண்ணீர் இன்னும் பச்சையானது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கொசுவுக்கு மீன் வேண்டியதுதான், எண்ணிக்கையில் கட்டுப்பாடு வேண்டும்.

துவைகல்லைக் குளத்துக்கு மேட்டில் வைக்காதீர்கள். வாத்து விடாதீர்கள். பூசை முடிந்த மாலை, குங்குமம், களிமண் பிள்ளையார் எதையும் கரைக்காதீர்கள். அதற்கு ஒரு வாளி போதும். தைலமரத் தோப்பு பக்கத்தில் இருந்தால் சருகு விழும் மாதங்களில் மேலே வலை கட்டாமல் இருக்காதீர்கள்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்துத் தீனி போடாதீர்கள். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் அது மிகவும் குறைவு. கார்த்திகையில் மூன்று நாள் மூடம் போட்டால் பாசி தானாகச் சாக ஆரம்பித்து நிலைமை இன்னும் மோசமாகும். அப்போது தீனியை நிறுத்துங்கள், வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், மோட்டார் இருந்தால் இரவிலும் ஓடட்டும். மின்சாரச் சிக்கனம் என்று இரவில் நிறுத்துவது தலைகீழ் வேலை.

தொட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். சுவரில் வழுக்கும் மெல்லிய பாசம் இருக்கட்டும். அது சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதில்தான் நத்தை மேய்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, சித்திரைக்கு முன்பாக, அடிச்சேற்றை வாருங்கள். பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைப் பீப்பாயில் எடுத்து வைத்து, மீனையும் அதிலேயே விட்டு, வேலை முடிந்ததும் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். கண்மாய் வண்டலை வயலுக்கு அடிப்பது போல அந்தச் சேற்றைப் பலா மூட்டுக்கோ தென்னைக்கோ போடலாம்; மயில்துத்தம் பட்ட சேறு என்றால் அதுவும் கூடாது. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் வம்பனில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

கடைசியாக, சுத்தம் செய்யும் நாளில் வேண்டாத மீனையும் மிஞ்சிய செடியையும் ஊருணியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் விற்கும் சக்கர் மீன், தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு திரிவது இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதால்தான். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் பூவுக்காகக் கொண்டுவந்ததே. செடியை வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். மீனைக் கேட்பவர் வீட்டுத் தொட்டிக்குக் கொடுங்கள்.